துப்பிய மடக்கு

"நீ குடி. எனக்கு இப்ப வேணாம்."

கமாலுதீன் தன் தம்பியிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். அந்த வாரம் தினமும் அண்ணன் டீ வருமுன்பே கிளம்பிவிடுவார். அன்று காலையில் அவர் இருக்கும்போதே அத்தாவுல்லா இரண்டு கிளாஸ் டீ வாங்கி வந்தான். அண்ணன் தள்ளுவண்டியில் சோடாப் பெட்டிகளை வைத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். காதில் பற்ற வைக்காத பீடி. நீட்டிய கிளாஸைப் பார்த்தார், புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், நீ குடி என்றார். டீ வீணாகப் போவானேன் என்று அத்தாவுல்லா இரண்டையும் குடித்தான். வண்டி தெருமுனை திரும்பியது. அவன் கிளாஸைக் கழுவப் போனான்.

மத்தியானத் தொழுகைக்கு முன்னால் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

அண்ணனும் தம்பியுமாக வண்ணாரப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் கோலி சோடா போட்டு விற்றவர்கள். பெரிய கம்பெனிக்காரர்களுக்குக் கடைக்குக் கடை பளபளக்கிற பீங்கான் போர்டு உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. கமாலுதீனுக்கு இருந்த விளம்பரம் அவருடைய தொண்டை ஒன்றுதான். எந்தக் கடைக்குப் புதிதாகச் சரக்குக் கொண்டுபோனாலும், நிற்கிற நாலு பேர் பார்க்க ஒரு சோடாவைத் தானே உடைத்து, முதல் மடக்கைத் தானே குடிப்பார். "மொத மடக்கு மொதலாளிக்கு. நான் நின்னா நீங்க குடிங்க, உழுந்தா போலீஸைக் கூப்பிடுங்க" என்பார். ஜனங்கள் சிரிப்பார்கள், குடிப்பார்கள். அப்படி மடக்கு மடக்காகக் குடித்துத்தான் ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை கடை பிடித்திருந்தார்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், ரம்ஜான் பெருநாள் கழிந்த கையோடு எல்லாம் தலைகீழானது. வியாசர்பாடிப் பக்கம் வாந்திபேதி பரவியிருந்த சமயம். பெட்டிகள் திறக்காமலே திரும்பி வந்தன. சோடாவில் பல்லி செத்துக் கிடந்ததாம். அண்ணன் கடை கடையாகப் போய் பாட்டில்களை வெயிலில் தூக்கிப் பிடித்து, "எங்க பல்லி, காட்டுங்க" என்று கேட்டார். யாரும் பார்க்கக்கூட இல்லை. அந்த வாரக் கடைசியில், யார்டு வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் பெட்டிகளை வண்டியிலிருந்து இழுத்துத் தண்டவாளத்துப் பக்கம் வீசினார்கள். உடையாத பாட்டில்களைப் பொறுக்க அண்ணன் கீழே இறங்கினார். பின்னால் வந்த ஷண்டிங் வண்டிகளுக்கு அவர் விலகவில்லை.

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. அன்று மாலையே அடக்கம் செய்தார்கள்.

அத்தாவுல்லா ராயபுரத்துக்குப் போய் ஹென்றியைப் பார்த்தான். துறைமுகத்தில் காணாமல் போகும் சரக்கை வியாபாரிகளுக்காகத் தேடிக் கொடுப்பது ஹென்றியின் தொழில். நரைத்த மீசை, எந்நேரமும் கையில் குடை, அளந்து பேசும் வாய். அந்த வாய் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கு வரதன் என்று ஒரு உதவியாள்.

"பல்லினு மொதல்ல சொன்னவன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க சார்" என்றான் அத்தாவுல்லா. "அவனை அந்த யார்டு வாசல்ல நிக்க வச்சு, நான் சொன்னது பொய்னு அவன் வாயாலயே சொல்ல வைக்கணும். இல்லேன்னா ஒரு கடையும் எங்க சோடாவைத் தொடாது. அண்ணியையும் பிள்ளைங்களையும் அண்ணன் பேரைத் தவிர வேற எதை வச்சு நான் காப்பாத்துவேன்?"

ஹென்றி குடையைத் தரையில் ஊன்றி யோசித்தார். "மூட்டை காணாமப் போனா கடைசியாத் தொட்டவன்கிட்ட ஆரம்பிச்சுப் பின்னால போவோம். பேச்சும் மூட்டைதான். கை மாறுறதுக்குப் பதிலா வாய் மாறுது. வாங்க."

"மூட்டையாவது மாறும்போது கொறையும் நைனா" என்றான் வரதன். "பேச்சு மாற மாற வளருமே!"

முதல் வாய், கொட்டகைக்குப் பக்கத்திலேயே டீக்கடை வைத்திருந்த ஜெயவேலுடையது. அத்தாவுல்லாவைக் கண்டதும் அவன் டீ ஆற்றுகிற உயரம் குறைந்தது.

"பல்லியை நான் பாக்கல சார். ஆனா நல்ல பெரிய பல்லி."

"பாக்காத பல்லிக்கு வால் எத்தினி நீளம்?" என்றான் வரதன்.

"நக்கல் பண்ணாதப்பா. எனுக்கு இட்லிக்காரி கெங்கம்மா சொல்லிச்சு. சோடாவுல கலீஜ் கீதுன்னு."

"கலீஜ்னு சொல்லிச்சா, பல்லினு சொல்லிச்சா?" என்று கேட்டார் ஹென்றி.

ஜெயவேல் தலையைச் சொறிந்தான். "கலீஜ்னுதான். கலீஜ்னா இன்னா சார், பல்லிதானே வுழும்? கரப்பானா வுழும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, அத்தாவுல்லாவுக்குக் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, ஹென்றியின் காதருகில் சொன்னான். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் சார். பெருநாளுக்கு மறுநாள்லேர்ந்து பெரிய பாய் என் கடைப் பக்கமே தல வெச்சுப் படுக்கல. டீயும் இல்ல, பீடிக்கு நெருப்பும் கேக்கல. பீடி பாட்டுக்குக் காதுல குந்திகினு கீது. மனசுல ஏதோ இருந்துச்சு."

ஹென்றி கடையை விட்டு இறங்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "பீடி பத்த வைக்கவே இல்லையா?" என்று மறுபடி கேட்டுக்கொண்டார்.

கெங்கம்மா கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் கூடையும் குண்டானுமாக உட்கார்ந்திருந்தாள். பல்லி என்ற சொல்லைக் கேட்டதும் கரண்டியைத் தூக்கிவிட்டாள்.

"பல்லியா? எந்தக் கஸ்மாலம் சொன்னது? என் வாயில பல்லியே வரல. நான் சொன்னது சாக்கடைத் தண்ணி. ஜெயவேலுகிட்ட அத்த மட்டும்தான் சொன்னேன்."

"நீ சாக்கடையை ஊத்தினே, அவன் பல்லியைப் போட்டான்" என்றான் வரதன். "இன்னும் ரெண்டு வாய் தாண்டியிருந்தா பாட்டிலுக்குள்ள மொதலையே குடும்பம் நடத்தியிருக்கும்."

"சாக்கடைன்னு உனக்கு யார் சொன்னது?" என்றார் ஹென்றி.

"யாரும் சொல்லல. நானா ரோசனை பண்ணேன். யார்டு வாசல்ல பொட்டிக்கடை வெச்சிருக்குதே கன்னியம்மா, அது சொல்லிச்சு, பாய் அவரு சோடாவை அவரே குடிக்க மாட்டேன்றாருன்னு. சொந்த சோடாவை ஒருத்தரு ஏன் குடிக்க மாட்டாரு? சாக்கடைத் தண்ணியா இருந்தாதானே? வியாசர்பாடியில வேற வாந்திபேதி. ரோசனை வருமா வராதா?"

அத்தாவுல்லாவுக்குக் காதெல்லாம் சூடானது. அண்ணன் குடிக்க மாட்டாராமா! ஊரே பார்க்கக் குடித்துக் குடித்துத் தொழில் பண்ணின மனுஷன். பொய்யின் வேர் பிடிபட்டுவிட்டது. அவன் ஹென்றிக்குக் காத்திராமல் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தான். வரதன் பின்னால் ஓடி வந்து தோளைப் பிடித்தான்.

"பாய், பொம்பளைகிட்ட கையக் கிய்ய நீட்டிடாத. நம்ம தொரை பேசட்டும்."

கன்னியம்மாவின் கடை யார்டு வாசலை ஒட்டிய நான்கு பலகை. வெற்றிலை, பீடி, கடலை உருண்டை. மேல்தட்டில் பெரிய கம்பெனி சோடா வரிசையாக இருந்தது. அத்தாவுல்லா அதைத்தான் முதலில் பார்த்தான்.

"காசு வாங்கிக்கினுதானே சொன்னே?" என்று கத்தினான். அவனுக்கே தெரியாமல் பேட்டைப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "எங்க அண்ணன் குடிக்கலனு சொல்லச் சொல்லி அந்தக் கம்பெனிக்காரன் உனுக்கு இன்னா குடுத்தான்?"

கன்னியம்மா பயப்படவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தாவுல்லா அதற்குத் தயாராக வரவில்லை.

"சின்ன பாய், நான் பொய் சொல்லியிருந்தா என் நாக்கு அழுவிப் போவட்டும். பெரிய பாய் எனுக்கு இன்னா கெடுதி பண்ணாரு? புதுக் கடைன்னு பெருநாள் அன்னிக்கு பிரியாணி குடுத்து அனுப்பினாரு. மறுநாள் பொட்டியோட வந்தாரு. மூட்டைக்காரங்க பத்து இருபது பேரு நிக்கிறாங்க. மொத மடக்கு மொதலாளிக்குன்னு கோலியைத் தட்டினாரு, வாயில ஊத்தினாரு." அவள் நிறுத்தினாள். "துப்பிட்டாரு."

யார்டுக்குள் எங்கோ இஞ்சின் ஊதியது.

"துப்பினாரா?" என்றார் ஹென்றி.

"கண்ணால பாத்தேன் சார். எல்லாரும்தான் பாத்தாங்க. தோ, இந்த மண்ணுல துப்பினாரு. பாட்டிலைக் கீழ வெச்சாரு. இன்னா பாய்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, இன்னொரு நாள் வந்து குடிக்கிறேன்னு சிரிச்சாரு. அப்பால நான் யாருக்குக் குடுப்பேன் அந்த சோடாவை? நீங்களே சொல்லுங்க."

வரதன் மெல்ல விசிலடித்தான். "நைனா, நாம துப்பு தேடி வந்தோம். துப்பினதுதான் கெடச்சுது." ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

"நோன்புன்னு நினைக்கலையா நீ?" என்றார் ஹென்றி.

"நோன்பு மாசமா இருந்தா நான் இன்னான்னே கேக்க மாட்டேனே சார். பேட்டையில எல்லாருக்கும் தெரியும். பெருநாள்தான் முடிஞ்சுபோச்சே! அவரு குடுத்த பிரியாணி அன்னிக்கும் என் சட்டியில மிச்சம் கீது."

ஹென்றி குடையை மடித்தார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. துப்பினப்போ அவர் முகம் எப்படி இருந்துச்சு? கசந்த மாதிரி, பயந்த மாதிரி?"

கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "கசந்தா மூஞ்சி சுளிக்கும். சுளிக்கல. மொதல்ல கண்ணு பெருசாச்சு. துப்பினாரு. அப்பால..." அவள் தன் நாக்கை நீட்டிப் பல்லால் கடித்துக் காட்டினாள். "இப்பிடி நாக்கைக் கடிச்சுக்கினாரு. வாய்க்குள்ள ஏதோ முணுமுணுன்னு சொல்லிக்கினாரு."

"வரதா, உன் பாட்டில்ல விஷம் இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா நாக்கைக் கடிப்பியா?"

"ஓடுவேன் நைனா. நாக்கைக் கடிக்கிறது, பொஞ்சாதி வாங்கியாறச் சொன்னத மறந்துட்டு வூட்டு வாசல்ல நிக்கும்போதுதான்."

"அதேதான். பயந்தவன் நாக்கைக் கடிக்க மாட்டான், மறந்தவன்தான் கடிப்பான். டீ குடிக்கல. பீடி பத்த வைக்கல. பல்லி எங்கேன்னு பாட்டிலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். ஒரு மடக்கு குடிச்சுக் காட்டியிருந்தா அதோட முடிஞ்சது, அதையும் செய்யல." ஹென்றி அத்தாவுல்லாவின் பக்கம் திரும்பினார். "எனக்கு உங்க மார்க்க விஷயம் தெரியாது. பெருநாள் முடிஞ்சப்புறமும் உங்க அண்ணன் மறக்கக்கூடாத ஏதாவது இருந்துச்சா?"

நீ குடி. எனக்கு இப்ப வேணாம்.

அத்தாவுல்லா பெருநாளிலிருந்து விரல் விட்டு நாளை எண்ணினான்.

"ஆறு நோன்பு" என்றான்.

ரம்ஜான் முடிந்து பெருநாளும் கழிந்தபின் அந்தப் பெருநாள் மாதத்திலேயே வைக்கிற ஆறு நோன்பு. கடமை அல்ல, மனமிருப்பவர்கள் வைப்பது. வைக்கிறவர்கள் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார்கள். மறதியாக எதையாவது வாயில் போட்டால் குற்றமில்லை, நினைவு வந்ததும் துப்பிவிட வேண்டும். முதல் நாள் பெருநாள் சாப்பாடு, மறுநாள் முதல் நோன்பு. கை பழக்கத்தில் கோலியைத் தட்டியிருக்கிறது, வாய் பழக்கத்தில் திறந்திருக்கிறது. ஊரை நம்ப வைத்த அதே பழக்கம்.

"நிச்சயமாத் தெரியணும். யார் சொல்வாங்க?" என்றார் ஹென்றி.

அண்ணி ஜீனத் ஒருத்திதான் சொல்ல முடியும். அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தானபின் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கிற காலம். கொழுந்தனும் அந்நிய ஆண்தான். அடக்கத்துக்குப் பிறகு அத்தாவுல்லா அவளிடம் பேசியிருந்தது வாசலில் நின்று, அரிசி இருக்கிறதா, விறகு இருக்கிறதா என்கிற அளவுக்குத்தான். கொட்டகையிலேயே படுத்துக் கொட்டகையிலேயே எழுகிறவனுக்கு அண்ணன் வீட்டில் விடியுமுன் அடுப்பு எரிந்ததா என்று எப்படித் தெரியும்?

வீட்டு வாசல்படியில் ஹென்றியும் வரதனும் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்கள். அத்தாவுல்லா திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணன் ஆறு நோன்பு வச்சாரா?"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்கூட இல்லை. வளையலைத்தான் கழற்றியாகிவிட்டதே. குரல் மட்டும் வந்தது.

"வச்சாங்க. நான்தான் சஹர் சோத்துக்கு எழுப்பி விடுவேன். மௌத்தான அன்னிக்கும் நோன்பு. அதுதான் கடைசி நோன்பு. வெயில்ல போறீங்களே, மயக்கம் வந்துடப் போவுதுன்னேன். கேக்கல."

"எனக்கு ஏன் சொல்லல அண்ணி?"

"சொல்லக்கூடாதுன்னாங்க. அவன் மெஷின் முன்னால நாளெல்லாம் நிக்கிறான், நான் வைக்கிறேன்னு தெரிஞ்சா அவனும் வைப்பான், இல்லேன்னா வைக்கலியேன்னு கூசிப் போவான், அவனுக்குத் தெரிய வேணாம்னாங்க."

அத்தாவுல்லா எழுந்து வெளியே வந்தான். படியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் உடம்பில் திடீரென்று ஒரு வேகம் வந்தது.

"போலாம் சார். ஷிஃப்டு விடுற நேரம். எல்லாரும் வாசல்ல இருப்பாங்க. சொல்லிடலாம்."

ஹென்றி நகரவில்லை. "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க தேடச் சொன்னது பொய் சொன்னவனை. பொய் சொன்னவன் கெடச்சிருந்தா அதைத் திருப்பி வாங்கச் சொல்லலாம். இங்க யாரும் பொய் சொல்லல. அந்தம்மா பாத்தது நெசம். பத்து இருபது பேர் கண்ணால கண்டதை எப்படித் திருப்பி வாங்குறது?"

"காரணம் தெரிஞ்சா புரிஞ்சுக்குவாங்க சார்."

வரதன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அன்றைக்கு முதல் தடவையாக, சொல்லாமல் மூடிக்கொண்டான்.

யார்டு வாசலில் மூட்டைக்காரர்கள் தலைத் துணியை உதறிக்கொண்டு நின்றார்கள். அத்தாவுல்லா கன்னியம்மாவின் கடைப் பலகை ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். ஆறு நோன்பு, மறதி, துப்பியது, நாக்கைக் கடித்தது, செத்த அன்றைக்கும் பட்டினி. நன்றாகவே சொன்னான். கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டொருவர் முகம் தாழ்ந்தது. ஒரு கணம், ஒரே கணம், கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது போலத்தான் இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். "பெருநாள் கழிச்சு இன்னா நைனா நோன்பு? நம்ம செட்டுல மஜீது கீறான். அந்த வாரம் பூரா எங்கூட டீ குடிச்சானே! டேய் மஜீது, நீ வெச்சியா?"

மஜீது தலையைக் குனிந்துகொண்டான். "அப்பிடி ஒண்ணு கீது மாமு. ஆனா நான் வெக்கல."

"உங்க தெருவுல யாரு வெச்சாங்க?"

"தெரியல மாமு. வெச்சவங்க சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்களா! நல்லாக் கீது." பெரியவர் அத்தாவுல்லாவைப் பார்த்தார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய குரல்தான் அது. "சரி, நீ சொல்லு தம்பி. நீ வெச்சியா?"

எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் அண்ணன் ஒரு மடக்குக்குக்கூட முறிக்காத நோன்பை, வைக்காதவன் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

"இல்ல" என்றான்.

"கூடப் பொறந்தவனே வெக்கல" என்றது ஒரு குரல். "நோன்புன்னே வெச்சுக்கோ. பண்டிகை முடிஞ்சும் பட்டினி கெடக்கிறான்னா, இன்னா பாவத்தைப் பண்ணிட்டுக் கெடந்தானோ?" என்றது இன்னொன்று. அதற்கு யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். கூட்டம் கலைந்தது. அவர்களுக்கு வீடு போய்ச் சேர வேண்டும். நாளை மறுபடி மூட்டை தூக்க வேண்டும்.

"நான் நம்புறேன் சின்ன பாய்" என்றாள் கன்னியம்மா. "நம்பி இன்னா பண்றது? குடிக்கிறவங்க நம்பணுமே. உன் பொட்டியை நான் வாங்கி வெச்சா, என் வெத்தலையைக்கூடத் தொட மாட்டாங்க."

ஹென்றி குடையை விரிக்காமலே வெயிலில் நின்றார். வரதன் கீழே கிடந்த உடைந்த பாட்டில் கழுத்து ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

அத்தாவுல்லாவின் உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து அவன் ஒன்றும் குடிக்கவில்லை. கன்னியம்மா கேட்காமலே மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள், கோலியைத் தட்டினாள், நீட்டினாள்.

"குடி. மூஞ்சி செத்துப்போய்க் கீது."

அவன் வாங்கிக் குடித்தான். பெரிய கம்பெனி சோடா. சுருக்கென்று மூக்கில் ஏறியது. அவர்கள் கொட்டகை சோடாவுக்கும் அதற்கும் ருசியில் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டிலும் இருந்தது ஊர்க் குழாயில் வரும் புழல் ஏரித் தண்ணீர்தான்.